ஆடி முடிவதற்குள் காய வேண்டிய சுவர்

கட்டை விரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

ஆழமாக ஒன்றும் இல்லை, நகம் புதையும் அளவுக்குத்தான். ஆனால் கையை எடுத்துப் பார்த்தால் சுவரில் என் விரல் ரேகையோடு ஒரு பள்ளம். பூசி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்த சுவர் அது. கல்லாகியிருக்க வேண்டியது, களியாகவே நின்றுகொண்டிருந்தது.

"யக்கா, இது சுவரா, பால்கோவாவா?" என்று கேட்டாள் பிளசி. வீட்டுக்காரி அவள்தான். பாளையங்கோட்டைக்காரி. ஐ.டி. வேலைக்காக ஹைதராபாத் வந்தவள், அல்வாலில் சின்னதாக ஒரு வீடு கட்டி, உள்சுவர் முழுக்க எங்கள் சுண்ணாம்புப் பூச்சுதான் வேண்டும் என்று தேடி வந்த முதல் ஆள். அன்றைய தேதிக்கு அவளேதான் கடைசி ஆளும்.

என் பின்னால் என் கணவர் கஜேந்திரன் நின்றிருந்தார். அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டினால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசிவிடுவேன். அவர் திட்டவில்லை. இந்தச் சுவர் சரியாக வரவில்லை என்றால் எங்கள் ஷெட்டை ஆன்லைன் டெலிவரி கம்பெனிக்கு கோடவுனாக வாடகைக்கு விட்டுவிடுவது என்று எங்களுக்குள் பேச்சு. அவரிடம் அந்த வார்த்தையைக் கொடுத்தவள் நான்தான்.

வாசகி கேட்ட கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில், மழையில் ஜிப்சம் மூட்டைகள் நனைந்து பாறையான கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இவ்வளவு அவஸ்தைப்பட்டுவிட்டு, ஏன் சுண்ணாம்பில் வேறு போய் விழுந்தீர்கள்? அதற்கு மார்க்கெட் இருக்கிறதா?"

நியாயமான கேள்வி. என் மாமியார் வீட்டில் எல்லோரும் கேட்டதுதான். பதில் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

எங்கள் தொழில் பி.ஓ.பி., அதாவது பிளாஸ்டர். ராஜஸ்தானிலிருந்து ஜிப்சம் கல் வரும். அரைத்து, வறுத்து, மூட்டை கட்டுவோம். இங்கே ஹைதராபாத்தில் மௌலா அலிக்குப் பக்கத்தில் ஒரு ஷெட். இந்த ஊரில் ஃபால்ஸ் சீலிங் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் ஒன்று இருந்தது. ஹாலில் பூ, பெட்ரூமில் நிலா, பூஜை அறையில் தாமரை என்று கூரையெல்லாம் பிளாஸ்டர் பூத்தது. குகட்பள்ளியில் ஒரு அடுக்குமாடி எழும்பினால் எங்கள் ஷெட்டில் ஒரு லாரி நிற்கும்.

பிறகு பெரிய கம்பெனிகள் வந்தன. பளபள பையில், சினிமா முகம் போட்டு, டீலருக்கு வெளிநாட்டு டூர் கொடுத்து விற்றார்கள். சரக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன், நல்ல சரக்குதான். அதுதான் எங்களுக்குக் கஷ்டமாகப் போனது. அதே பவுடரை அவர்களை விடச் சின்ன அளவில், அவர்களை விடச் சிரமப்பட்டு நாங்கள் எதற்குத் தயாரிக்க வேண்டும் என்று நானும் கேட்டேன். இவரும் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கோடவுன் தரகர் வந்தார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, லாரி திரும்ப இடம் இருக்கிறது என்று தலையை ஆட்டினார். எங்கள் வறுக்கும் சட்டியை எட்டி உதைத்து, இதை எப்போது கழற்றுவீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். அவர் உதைத்தது எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தச் சட்டியை நான் திட்டலாம், இவர் திட்டலாம், துரை திட்டலாம். வெளியாள் உதைப்பதாவது!

துரை எங்கள் மேஸ்திரி. இவரோடு ரயில்வே காலனியில் கோலி விளையாடியவர். என்னை அண்ணி என்பார். எதைச் சொன்னாலும் "ஹவ் அண்ணி" என்று சரி சொல்லித் தலையாட்டிவிட்டு, பாதியை மட்டும் செய்வார்.

அம்பு மேலே போன மத்தியானம்

சுண்ணாம்பு ஆசை எனக்கு ஒரு ஏ.சி. ஹாலில் வந்தது. கட்டுமானப் பொருள் தயாரிப்பாளர்கள் கூட்டம் ஒன்றுக்கு அழைப்பு வந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்ததால் இவரும் வந்தார்.

மேடையில் கோட் போட்ட பிள்ளை ஒருவன் திரையில் சந்தை நிலவரம் காட்டினான். சுண்ணாம்பும் பிளாஸ்டரும் வரும் வருஷங்களில் எப்படி இருக்கும் என்று ஒரு படம். கோடு ஒன்று இடது மூலையில் புறப்பட்டு, வலது மூலையில் அம்பாகி, மேலே போய்க்கொண்டே இருந்தது. "இந்த அம்பு எந்த ஷெட்டுக்குப் போகுதுன்னு கேளு" என்று இவர் என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதில் ஒன்று மனதில் தங்கியது. சுண்ணாம்பை நாம் வெற்றிலையோடும் வெள்ளையடிப்போடும் நிறுத்திவிட்டோம், ஆனால் அது இல்லாமல் உலகம் ஓடாது என்றான். குடிநீர் சுத்தம் செய்ய அது வேண்டும். சர்க்கரை ஆலைக்கு வேண்டும், காகிதத்துக்கு வேண்டும், இரும்பு உருக்க வேண்டும். வீடு கட்டுகிறவர்களில் ஒரு கூட்டம் மறுபடியும் அதைத் தேட ஆரம்பித்திருக்கிறது, ஆனால் பூசத் தயாராகக் குழைத்துக் கொடுக்க இந்தப் பக்கம் ஆள் குறைவு என்றான்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் குலாப் ஜாமூனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "பாதி ஷெட்டுல சுண்ணாம்பு போட்டுப் பாக்கலாங்க."

"நக்கோ மங்கை. சும்மா கெட. நம்மளே வெள்ளையடிச்ச குவார்ட்டர்ஸ்லேர்ந்து வந்தவங்க. திரும்பி அங்கியே போவணுமா?"

அவர் அப்படி நக்கோ, அதாவது வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் இருவர் குடும்பமும் அரக்கோணம் பக்கத்திலிருந்து இந்த ஊர் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவை. நாங்கள் பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸில் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வரும்போதெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். அவசரத்தில் அடிப்பது. பசை சேராது, சுவர் பிடிக்காது. சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் எங்கள் முதுகைப் பார்த்தே ரயில்வே காலனி என்று சொல்லிவிடுவார்கள். "முதுகுல விபூதி" என்று கேலி செய்வார்கள். இவர் அதற்காகவே சண்டை போட்டுச் சட்டை கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகும் வெகுநாள் சுவரில் சாய்ந்து உட்கார மாட்டார், நாற்காலிதான்.

அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. கடைசியில் ஒரு பேச்சு முடிந்தது. ஒரே ஒரு வீடு. அது நன்றாக வந்தால் சுண்ணாம்பு, வராவிட்டால் கோடவுன்.

அடுப்பு இல்லாமல் கொதிப்பது

சுட்ட சுண்ணாம்புக் கல் பிடுகுராள்ளவிலிருந்து வந்தது. ஆந்திராவில் சூளைகள் நிறைந்த ஊர் அது. பார்க்க ஏதோ வறண்ட கல். தொட்டியில் தண்ணீர் விட்டு, அதில் போட்டோம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. துரை என்னைப் பார்த்தார், நான் தொட்டியைப் பார்த்தேன். பிறகு உள்ளே முணுமுணுவென்று ஒரு சத்தம். அடுத்து கல் பிளந்து, தண்ணீர் கொதித்து, ஷெட் முழுக்க ஆவி. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, தொட்டி மட்டும் தளதளவென்று கொதிக்கிறது. மழைத் தண்ணீர் முதன்முதலாகச் சூடான சிமெண்ட் தரையில் விழுந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை.

"அண்ணி, பின்னால வாங்க, கண்ணுல பட்டா அவ்ளோதான்!" என்று துரை கத்தினார். கண்ணாடியும் கையுறையும் போட்டிருந்தும் நான் பின்னால்தான் போனேன். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் பிளாஸ்டர் செய்தும் இப்படி ஒரு குதூகலம் எனக்கு வந்ததில்லை.

நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, வெண்ணெய் பதத்தில் ஊற வைத்தோம். மாதக்கணக்கில். ஊற ஊறத்தான் குணம். காற்றுப் பட்டால் மேலே ஆடை கட்டி இறுகிவிடும் என்பதால் மூடி இறுக்கமான பக்கெட்டுகளில் அடைத்தோம். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினோம். யாராவது மூடியைத் திறந்து வைத்தால் நான் சாமி ஆடிவிடுவேன். "காத்து படக் கூடாது, காத்து படக் கூடாது" என்று ஷெட்டில் நான் போட்ட சத்தம் எனக்கே காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் காற்று விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

பிளசியின் பீரோ

பிளசி எங்களைத் தேடி வந்த கதை சின்னது. அவள் குடியிருந்தது குகட்பள்ளியில் ஒரு வாடகை ஃபிளாட். மழைக்காலம் வந்தால் சுவர் வியர்க்குமாம். பீரோவை நகர்த்தினால் பின்னால் பூஞ்சை. ஒரு தடவை நகர்த்தியபோது அவளுடைய கல்யாணப் புடவையின் கரையே கறுத்துப் போயிருந்தது.

"அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் அக்கா. எனக்குன்னு ஒரு வீடு கட்டினா அதுல மூச்சு விடுற சுவரு வேணும். நெட்டுல தேடித் தேடிப் பாத்தேன். எல்லாரும் சுண்ணாம்புங்காங்க. கேட்டா வடக்க எங்கேயோ போகச் சொல்லுதாங்க. மௌலா அலில ஒரு தமிழக்கா இருக்காங்கன்னு கேள்விப்பட்டதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "சாய்ஞ்சா ஒட்டுமா?"

"ஒட்டாது" என்றேன். இவர் தொண்டையைக் கனைத்தார்.

ஆனி மாதக் கடைசியில் பூச்சு முடிந்தது. துரையும் ஆட்களும் அசல் பிளாஸ்டர் கைகள், பூச்சு அவ்வளவு அழகாக வந்தது. கரண்டித் தடமே தெரியாமல், தயிர் உறைந்த மாதிரி சுவர். முடித்த அன்று மழை பிடித்துக்கொண்டது. துரை உடனே ஆளை அனுப்பி பிளாஸ்டிக் ஷீட் வரவழைத்தார். ஒரு ஜன்னல் விடாமல் மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, வாசலுக்கும் திரை கட்டினார். ஈரம் என்றால் எங்கள் கூட்டத்துக்கு அப்படி ஒரு நடுக்கம். பிளாஸ்டர் மூட்டைக்கு ஈரம்தான் எமன். மழை வந்தால் முதலில் மூட்டையை மூடிவிட்டுத்தான் நாங்கள் எங்கள் தலையைப் பற்றி யோசிப்போம். ஷீட் கட்டியதைப் பார்த்து எல்லோருக்கும் திருப்தி. வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டோம். மூன்று வாரம் யாரும் தொட வேண்டாம் என்று பிளசியிடம் சொன்னோம்.

பூட்டைத் திறந்த அன்றுதான் என் விரல் உள்ளே போனது.

புறா செய்த உபகாரம்

பிளசி விடவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனாள். சுவரில் லேசாகக் கீறுவாள். களி வழியும். அடுத்த அறைக்குப் போவாள். நானும் இவரும் துரையும் அவள் பின்னால் குற்றவாளிகள் மாதிரி நடந்தோம்.

"ஆகஸ்ட் கடைசில வாடகை வீட்டைக் காலி பண்ணணும் அக்கா. ஆளு பாத்து வச்சிட்டாங்க. நான் எங்கன போவேன்? இது ஆகலைன்னா நான் எல்லாத்தையும் சொரண்டிட்டு ஜிப்சமே பூசிக்கிடுதேன். உங்ககிட்ட வாங்க மாட்டேன், அதையும் சொல்லிடுதேன்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் அழக் கூடாது என்று மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கே மேலே சின்னதாக ஒரு வென்டிலேட்டர். அதற்குக் கட்டிய ஷீட் கிழிந்து தொங்கியது. இந்த ஊர்ப் புறாக்களைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு ஜோடி உள்ளே புகுந்து, குச்சியும் கம்பியுமாகக் கூடு கட்டிக் குடித்தனமே ஆரம்பித்திருந்தது. படியெல்லாம் எச்சம்.

"அட சனியனே" என்று துரை கையை ஓங்கினார்.

பிளசி படியேறிப் போய் அந்த இடத்திலும் சாவியை வைத்தாள். கீறினாள். மறுபடியும் அழுத்திக் கீறினாள். கிர்ரென்று பல் கூசுகிற சத்தம்.

"அக்கா, இங்கன கீற மாட்டேங்குதே!"

ஓடிப் போய்த் தொட்டேன். வென்டிலேட்டரைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குச் சுவர் கல். வெள்ளைக் கல். விரலால் தட்டினால் டொக்கென்றது. அங்கிருந்து கீழே இறங்க இறங்க மெத்தென்று ஆகிக்கொண்டே போனது.

எனக்கு அந்த நிமிஷம் ஷெட்டில் என் குரலே கேட்டது. காத்து படக் கூடாது, காத்து படக் கூடாது. சுண்ணாம்பு இறுகிவிடக் கூடாது என்று மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தோம். இறுக வேண்டிய நேரத்தில் சுவருக்குக் கொண்டுவந்து, அதே மாதிரி டேப் ஒட்டி மறுபடியும் மூடிவிட்டோம். வீடு முழுவதையும் ஒரு பெரிய பக்கெட் ஆக்கியிருக்கிறோம்! பிளாஸ்டர் தண்ணீர் குடித்து இறுகும். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும். இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? ஜிப்சத்தில் பழகிய கை, அவ்வளவுதான்.

"துரை, ஷீட்டை எல்லாம் கிழிங்க!"

"மழை வருது அண்ணி..."

"வரட்டும். கிழிங்க!"

அவர் "ஹவ் அண்ணி" என்றார். அன்று ஒருநாள்தான் நான் சொன்னதை அவர் முழுக்கச் செய்து பார்த்தேன். ஜன்னல் ஜன்னலாகக் கிழித்தார். அல்வால் காற்று உள்ளே வந்தது. ஏதோ மிலிட்டரி மைதானத்துப் பக்கமிருந்து ஈர மண் வாசனையோடு வந்தது.

இவர் மட்டும் அசையவில்லை. "கையகலம் காஞ்சா போதுமா? மிச்ச வீடு?" என்றார்.

இரண்டு பஞ்சாங்கம்

திரும்பி வரும்போது வேனில் பேச்சு ஆரம்பித்தது. தரகர் ஆஷாடம் முடியட்டும் என்று காத்திருந்தார். தெலுங்குக்காரர்கள் ஆஷாட மாதத்தில் புதிதாக எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அமாவாசை வந்தால் ஆஷாடம் முடிந்து சிராவணம் பிறந்துவிடும். அது இரண்டே நாளில் வரவிருந்தது. வந்த மறுநாளே கையெழுத்து என்று அவர் இவரிடம் பேசி வைத்திருந்தார்.

"சிராவணம் பொறந்ததும் வர்றாரு. போட்டுட வேண்டியதுதான்" என்றார் இவர்.

"எப்படிங்க போட முடியும்? ஆடி இன்னும் முடியலையே."

"இன்னாது?"

"அவங்களுக்கு அமாவாசையோட முடிஞ்சிடும். நமக்கு ஆவணி பொறந்தாத்தான். நடுவுல ரெண்டு வாரத்துக்கு மேல கெடக்கு."

இந்த ஊர்த் தமிழர்களுக்கு இது பழகிய கூத்து. அமாவாசை கழிந்ததும் பக்கத்து வீட்டில் மேளம் கொட்டிக் கல்யாணம் நடக்கும். நாங்கள் ஆடிக் கூழ் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சௌகரியத்துக்கு ஏற்ப இரண்டு பஞ்சாங்கத்திலும் கால் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இவரே அந்த ரகம்தான். வேன் வாங்கியபோது சிராவணம் பிறந்தது என்று சொல்லி ஆடியிலேயே வாங்கினார்.

அதைத்தான் இப்போது எடுத்துப் போட்டார். "வேன் வாங்குறப்ப ஆடி எங்க போச்சு?"

"அதான் மூணு தரம் கியர் பாக்ஸ் மாத்துனீங்க."

வண்டியும் சரியான நேரத்தில் மௌலா அலி ஸ்டேஷன் திருப்பத்தில் கியர் விழாமல் நின்று எனக்குச் சாட்சி சொன்னது.

வெளியூரில் படிக்கும் மகன் போனில் தெலுங்கில் "அம்மா, சைன் சேசேய்" என்றான். கையெழுத்துப் போட்டுத் தொலை என்கிறான். நான் தமிழில் கேட்டால் அவன் தெலுங்கில்தான் பதில் சொல்வான். "உனக்கு எந்த மாசம்டா இப்ப?" என்று கேட்டேன். "எக்ஸாம் மாசம்" என்று வைத்துவிட்டான்.

தரகருக்கு இவர் ஒருவழியாக விளக்கினார். அவரும் மறுக்கவில்லை. சம்பிரதாயம் என்றால் இந்த ஊரில் யாரும் யாரையும் எதிர்த்துக் கேட்பதில்லை. உங்கள் ஆடி முடியட்டும் என்று போய்விட்டார்.

பிளசியிடமும் போனில் கெஞ்சினேன். "ஆடி முடியிற வரைக்கும் டைம் குடு."

"எனக்கு ஆடியும் கெடையாது, ஆஷாடமும் கெடையாது அக்கா. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் உண்டு" என்றாள். பிறகு அவளே இறங்கி வந்தாள். "சரி. ஜெபம் பண்ணுதேன். நீங்க ஜன்னலைப் பாத்துக்கிடுங்க" என்றாள். அந்தப் பெண்ணை அன்றைக்கு நேரில் பார்த்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன்.

காற்றுக்குக் காவல்

அந்த இரண்டு வாரமும் நான் அல்வால் வீட்டில்தான் கிடந்தேன். காலையில் போய் எல்லா ஜன்னலையும் திறப்பேன். சாரல் நேராகச் சுவரில் அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் சாத்துவேன். வெயில் ஏறினால் செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயரில் துரை பன்னீர் தெளிக்கிற மாதிரி தண்ணீர் தெளிப்பார். சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும், ஈரமாகவே இருந்தால் இறுகாது. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

புறாவைத் துரத்தவில்லை. அது முட்டை போட்டிருந்தது.

சுவரின் நிறம்தான் முதலில் மாறியது. சாம்பல் ஓடிய வெள்ளை, ஜன்னல் ஓரங்களிலிருந்து பளிச்சென்று ஆகிக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு நாள் நகம் பதியவில்லை. இன்னொரு நாள் சாவி வழுக்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயம். துரை மட்டும் வேலைக்கு நடுவில் ஒரு தடவை சுவரைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்த இடத்தில் வாசகிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கோட் போட்ட பிள்ளை காட்டிய மாதிரி நேராக மேலே போகிற அம்பாக இல்லை. எங்கள் பக்கத்துக் காரியம் எல்லாம் கொஞ்சம் நின்று, கொஞ்சம் சறுக்கி, பிறகுதான் போகும். பெரிய கட்டடத்துக்கு அவசரம், அங்கே ஜிப்சம்தான் ஓடும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பீரோவை நகர்த்திப் பார்த்து மனசு வெறுத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் கேட்டால், கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் கூட வந்து தரைக்குத் தூவச் சுண்ணாம்புத் தூள் கிடைக்குமா என்று கேட்டுப் போனார். அவசரமில்லாதவர்களுக்கு விற்கிற சரக்கு இது. அவர்கள் குறைவு என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் குறைவில்லை.

சட்டை

ஆவணி பிறந்தது. தரகர் காலையிலேயே போன் செய்து மத்தியானம் பத்திரத்தோடு வருவதாகச் சொன்னார். இவர் குளித்து, கருநீலச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நல்ல காரியத்துக்குப் போடுகிற சட்டை. எனக்குப் பகீரென்றது.

"அல்வால் போய்ட்டுப் போலாமா?" என்றேன். வேனை அந்தப் பக்கம் திருப்பினார்.

பிளசி எங்களுக்கு முன்னால் வந்திருந்தாள். ஹாலில் நடுவே நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில், உள்ளே மின்விசிறி இல்லாமலே குளுகுளுவென்றிருந்தது. நான் விரல் வைத்த பள்ளம் மட்டும் அப்படியே கல்லாக நின்றிருந்தது. பூசி மறைக்கிறேன் என்றேன். "தொடாதீங்க, எங்க வீட்டுக்கு உங்க கைநாட்டு இருக்கட்டும்" என்றாள்.

இவர் சாவியை எடுக்கவில்லை. நகத்தை வைக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போனார். திரும்பி நின்றார். முதுகை அப்படியே சுவரில் சாய்த்தார். நன்றாக அழுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தார், மாடு மரத்தில் தேய்த்துக்கொள்கிற மாதிரி. பிளசிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பிறகு என் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்.

"பாரு."

பார்த்தேன். கருநீலம். கழுத்திலிருந்து இடுப்பு வரை வெறும் கருநீலம்.

"ஒட்டலைங்க."

"நல்லாப் பாத்து சொல்லு."

"ஒண்ணுகூட ஒட்டல." சொல்லிவிட்டு, தட்டுவதற்கு ஒன்றும் இல்லாத முதுகைத் தட்டிவிட்டேன். கையை எடுக்க மனசு வரவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. தரகர். கிளம்பிவிட்டாராம், ஷெட்டில் இருக்கிறீர்களா என்று கேட்பது எனக்கும் கேட்டது. இவர் மறுபடியும் சுவரில் சாய்ந்துகொண்டார், இந்தத் தடவை சும்மா, வசதிக்காக.

"ஷெட் காலி லேதண்டி" என்றார்.

ஷெட் காலியாக இல்லையாம். அன்றைக்கு எங்கள் ஷெட்டில் இருந்ததெல்லாம் கழுவிக் கவிழ்த்த பக்கெட்டுகள்தான். அவர் பேச்சை முடித்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"பிடுகுராள்ளவுக்குப் போடு மங்கை. கல்லுக்குச் சொல்லிடு."